நம்ம மணி ஒன்பது

மணி பார்க்கத் தெரியாத பெண்ணால் ஒரு குடும்பத்துக்குக் கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் வெயிலைப் பார்ப்பாள், பால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்பாள், ஒன்றும் புரியவில்லை என்றால் பக்கத்து வீட்டில் விசாரிப்பாள். கெடுதல் எல்லாம் அரைகுறையாகத் தெரிந்தவளால்தான் வரும். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நாலாம் வகுப்பில் எங்களுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகாமல் இருந்திருந்தால், என் நாத்தனார் ஜோதி இன்றைக்கு ஓய்வு பெற்ற டீச்சராக இருந்திருப்பாள்.

இதை வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். (ரேஷன் கடையில் ஒருமுறை நிஜமாகவே மறந்து, பின்னால் நின்ற பெண் எடுத்துக்கொடுத்தாள்.) அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பார்க்க முடியாது என்பது ஒரு தைரியம்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டிக்குப் பின்கட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அந்த மண்டியில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். நான், அவர், என் மாமியார், நாத்தனார் ஜோதி, நாலு பேர். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. எனக்கு மூத்தார். அவர் மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலை பார்த்தார். மாமனார் இறந்த பிறகு அவர்தான் குடும்பத்துக்குத் தலை. அவர் வாயிலிருந்து வார்த்தை வராமல் எங்கள் வீட்டில் ஒரு பூனைக்குட்டியைக்கூடச் சேர்க்க மாட்டோம்.

மூத்தாரோடு தம்பி மனைவி பேசக்கூடாது என்பது அப்போது எங்கள் வழக்கம். எதிரே நிற்கக்கூடாது, அவர் உட்கார்ந்த பாயை மிதிக்கக்கூடாது. அவர் விடுமுறைக்கு வந்த ஒரு மாதம் முழுக்க நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலேயே குடியிருந்தேன். அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. முதுகைப் பார்த்தால் அடையாளம் சொல்லிவிடுவேன். என் குரலை அவர் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. எனக்கு இந்த வழக்கம் ரொம்பச் சௌகரியமாக இருந்தது. உலகத்தில் எல்லாருமே எனக்கு மூத்தாராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு மண்டியில் இருந்ததுதான் ஒரே போன். கறுப்பாக, கனமாக, உட்கார்ந்திருக்கும் எருமைக்கன்று மாதிரி இருக்கும். சுழற்றுகிற இடத்தில் முதலாளி ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருப்பார். வருகிற போனுக்குத் தடை இல்லை. தெருவில் நாலைந்து வீட்டு ஆண்கள் மஸ்கட்டில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு. 'இந்த வெள்ளிக்கிழமை இத்தனை மணிக்குப் போன் போடுகிறேன்' என்று முன்னாலேயே கடுதாசி வரும். அந்தந்த வீட்டுப் பெண்கள் தலைவாரிப் பூவைத்துக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். (போனில் முகம் தெரியாது என்று ஒருத்தியும் நம்பவில்லை.)

ஒரே சமயத்தில் மூன்று பேர் வந்து நின்று சண்டை நடந்ததும் முதலாளி ஒரு கோடு போட்ட நோட்டை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். "யாருக்கு எப்பப் போனு வருதுன்னு இதுல எழுதி வெக்கச் சொல்லுப்பா ஒம் பொஞ்சாதிய. இல்லன்னா போன புடுங்கி உள்ள வெச்சுடுவேன்." எப்போதும் வீட்டில் இருப்பவள் நான். எழுதவும் தெரியும். (ஜோதிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பத்தாவது பாஸ். ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை மாமியார் மண்டிப் பக்கம் விடமாட்டார்.)

நான் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். பெயர், கிழமை, மணி. நாலாவதாக ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதுகூடத் தெரிந்திருக்காது.

முதல் அடி சபூரா அக்காவால் விழுந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாய் ஓயாது. அவள் வீட்டுக்காரர் கடுதாசியில் 'நம்ம மணி பத்துக்கு' என்று எழுதியிருந்தார். நானும் பத்து என்று எழுதினேன். சபூரா அக்கா ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தாள். பதினொன்றரைக்குத்தான் போன் வந்தது. அதற்குள் அவள் மண்டியில் இருந்த மல்லாட்டையை உரித்து உரித்துத் தின்று, காலடியில் ஒரு குன்று தோலியைச் சேர்த்துவிட்டாள். முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டுச் சபூரா அக்கா என்னிடம் வந்தாள்.

"அடிப் பொண்ணே, அங்க பத்துன்னா இங்க பதினொன்றயாம்டி. சூரியன் அங்க லேட்டாத்தான் போவுதாம். ஒன்றர மணி வித்யாசம்."

"நம்ம மணின்னு எழுதியிருந்தாரே அக்கா?"

"அவரு நம்மன்னா அது அவருதுதான். இந்த மனுசன் என் பொறந்த வூட்டையே நம்ம வூடும்பாரு. பேஜாரு புடிச்ச ஆளு."

எனக்கு அன்றைக்கு ஏதோ பெரிய ரகசியம் பிடிபட்டுவிட்ட மாதிரி இருந்தது. கடுதாசி எழுதுகிறவன் எங்கே உட்கார்ந்து எழுதுகிறானோ அந்த ஊர்தானே அவனுக்கு நம்ம ஊர்? ஆகவே 'நம்ம மணி' என்றால் மஸ்கட் மணி. ஒன்றரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஆளை வைத்து ஊருக்கே சட்டம் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே!

என் கெட்ட நேரம், அடுத்த இரண்டு கடுதாசிகளுக்கும் என் சட்டம் சரியாகப் பலித்தது. அதிலும் 'மணி எட்டு' என்று மொட்டையாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் ஒன்றரையைக் கூட்டி ஒன்பதரை என்று எழுதினேன், போன் டாண் என்று வந்தது. தெருவில் என்னை மதிக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர், "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான். அதுவும் தவறான விஷயத்துக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஜோதிக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை. அவருடைய அப்பாவும் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தபோது அந்தப் பெரியவர் ஜோதியின் பத்தாவது மார்க்கைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "இவ்ளோ மார்க்கு வாங்கிட்டு வூட்ல உக்காந்துக்கினு இருக்கியாம்மா? கல்யாணத்துக்கு அப்புறம் நாங்களே டீச்சர் டிரெய்னிங்ல சேத்து வுடுறோம். எங்க தெருவுக்குப் பக்கத்துலதான் ஸ்கூலு" என்றார்.

அன்று ராத்திரி ஜோதி தூங்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது, தேய்த்த சொம்புகளை வரிசையாக நிறுத்தி, "நீ எந்திரி. நீ ஏன் வூட்டுப் பாடம் எழுதல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்ததும், "அண்ணி, சொல்லிடாதீங்க" என்று வெட்கப்பட்டாள். அவளுக்கு வேண்டியது அதுதான் என்று எனக்குத் தெரியும்.

பாக்கி இருந்தது மூத்தாரின் சம்மதம். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே தாம்பாளம் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்தது: 'வருகிற வெள்ளிக்கிழமை நம்ம மணி ஒன்பதுக்குப் போன் போடுகிறேன். சம்பந்தி வீட்டாரைக் கூட்டி வந்து உட்கார வையுங்கள். நானே பேசுகிறேன். மறுநாள் என்னை உள்ளே பாலைவனத்துக் கேம்புக்கு அனுப்புகிறார்கள். ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது.'

என் வீட்டுக்காரர் கடுதாசியைச் சத்தமாக வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நோட்ல ஏத்திடு. மணி எத்தினின்னு சொல்லு, அவங்களுக்குத் தாக்கல் சொல்லணும்."

நான் விரலை மடக்கினேன். ஒன்பது. பத்து. பத்தரை.

"பத்தர" என்றேன்.

நோட்டில் எழுதி அடியில் ஒரு கோடும் போட்டேன். நம் குடும்ப விஷயம் ஆயிற்றே!

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி மனைவியோடு கோயிலுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு மேல்தான் வருவேன் என்று சாவியைக் கொடுத்திருந்தார். என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வர எட்டரைக்கே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். பின்கட்டில் மாமியார் கேசரி கிளறிக்கொண்டிருந்தார். ஜோதி புடவை கட்டிக்கொண்டிருந்தாள். நான் மண்டியைக் கூட்டி, ஜமக்காளம் விரித்து, போன் மேல் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது.

நான் துணியைப் போட்டுவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினேன். (பொய் இல்லை.) அது விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒன்பது. முதலாளிக்கு ஏதாவது அவசரமாக இருக்கும், எடுக்கவில்லை என்றால் திட்டுவாரே என்று வந்து எடுத்தேன். எனக்கு என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தைதான் பழக்கியிருந்தார். யாராவது முதலாளியைக் கேட்டால் 'இல்லீங்க' என்று சொல்ல வேண்டும், வைத்துவிட வேண்டும்.

"ஹலோ! ஹலோ! யாரு? நான் மஸ்கட்லேருந்து பேசறேன்."

மூத்தார். அவர் குரலை நான் கதவுக்குப் பின்னால் ஒரு மாதம் கேட்டவள். என்னை அறியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் இன்னும் ஒருதரம் எழுந்து நின்ற மாதிரி ஞாபகம்.

"யாரு பேசறது? அம்மாவா?"

"இல்லீங்க."

"தம்பி இருக்கானா?"

"இல்லீங்க."

"மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா?"

"இல்லீங்க."

"என்னாது, இல்லியா? மணி ஒம்போதாவுதே! வரேன்னாச்சும் சொன்னாங்களா இல்லியா?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது நாலே வார்த்தை. 'வந்துக்கினு இருக்காங்க மாமா.' மூன்று வார்த்தைதான், எண்ணிப் பார்க்கிறேன். அந்த மூன்றும் தொண்டை வரைக்கும் வந்தன. நாத்தனாருக்காகவாவது பேசிவிடு என்று மனசு சொன்னது. மூத்தாரிடம் பேசிவிட்டாள் என்று மாமியார் என்ன சொல்லுவாரோ என்று இன்னொரு மனசு சொன்னது. வாசல் பக்கம் திரும்பி "அத்தே!" என்று கூப்பிடப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

"ஹலோ! யாரும் வரலியா?"

"இல்லீங்க."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். வேறு யாரோ பின்னால் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று அவரை அவசரப்படுத்துவது கேட்டது. "செரி, வுடு" என்றார் மூத்தார். வைத்துவிட்டார்.

நான் போனை இருந்த இடத்தில் வைத்து, அதை மறுபடியும் துடைத்தேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தரை என்று என் கையெழுத்தில், அடிக்கோடோடு இருந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. இப்போது போட்டது சும்மா விசாரிக்க, பத்தரைக்குத் திரும்பப் போடுவார், நோட்டில்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். காதில் கேட்ட மனுஷனை விட்டுவிட்டு நான் எழுதிய நோட்டை நம்பினேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரியவர், அவர் மனைவி, மாப்பிள்ளை, இரண்டு பெண்கள். பெரியவர் உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து சங்கிலி போட்ட கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"மஸ்கட் தம்பி எத்தினி மணிக்குப் பேசறாரு?"

"பத்தரைக்குங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பமாச்சே!"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நோட்டில் எழுதும்போதே உறுத்தியது. மஸ்கட்டில் ராகு வேறு நேரத்துக்கு வரும்போல என்று அப்போது நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மாமியாரும் அதையேதான் சொன்னார். "அங்க அப்ப ஒம்போதுதாங்க ஆவுது. எம் புள்ளைக்கு இன்னும் ராகு வரல."

"ஏம்மா, தாம்பாளம் இங்க மாத்தறமா, மஸ்கட்ல மாத்தறமா?"

"தாம்பாளம் இங்கதாங்க. வார்த்த அங்கேருந்து வருது. நல்ல வார்த்த கெளம்பற எடத்துல நல்ல நேரமா இருந்தா போதாதா?"

பெரியவர் யோசித்தார். நல்ல மனுஷர், அவருக்கும் இந்த இடம் பிடித்திருந்தது. "ரயில்ல இந்தத் தொல்லையே கெடையாதும்மா. விழுப்புரத்துக்கு ஒரு மணி, அரக்கோணத்துக்கு ஒரு மணின்னு வெச்சா வண்டிங்க முட்டிக்கும். எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே மணிதான்" என்றார். பிறகு, "செரி, பேசட்டும். தாம்பாளத்த பன்னண்டுக்கு மேல மாத்திக்கலாம்" என்று பெருந்தன்மையாக இறங்கி வந்தார்.

பத்தரை ஆனது. எல்லாரும் போனையே பார்த்தார்கள். பதினொன்று ஆனது. கேசரி ஆறியது. பதினொன்றேகாலுக்கு அது அடித்ததே பார்க்க வேண்டும்! மாப்பிள்ளையின் அம்மா கும்பிட்டாள். என் வீட்டுக்காரர் பாய்ந்து எடுத்தார்.

"அண்ணே! சொல்லுண்ணே! ...என்னாது? ...மூட்ட என்னா வெலயா?"

பண்ருட்டியிலிருந்து யாரோ மல்லாட்டை விலை கேட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் ஜோதி என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். அந்த மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பன்னிரண்டுக்குப் பெரியவர் எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மாமியார் கெஞ்சினார். "இருக்கட்டும்மா, தம்பிக்கு என்னா ஜோலியோ. அப்புறமா பேசிக்கலாம்" என்றார். தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை அவர் மனைவி எடுத்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் கடுதாசியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம மணி ஒம்போதுன்னு எழுதியிருக்காரு. நீ ஏன்டி பத்தரன்னு எழுதின?"

"அவரு மஸ்கட்ல இருக்காரு. அங்கேருந்து எழுதனா அதானே நம்ம மணி?"

"நம்ம மணின்னா நம்ம மணிடீ!"

"நம்மன்னா யாரு?"

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் அவரை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி. நம்ம என்றால் யார் என்று அவருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. பிறகு நோட்டைத் தூக்கி என் மேல் எறிந்தார். ஜோதி அதை எடுத்துப் பிரித்து, அடிக்கோடு போட்ட இடத்தைப் பார்த்தாள். போய்க் கேசரியை ஒரு பாத்திரத்தில் வழித்து மூடி வைத்தாள்.

மறுநாள் என் வீட்டுக்காரர் விழுப்புரம் போய் நடந்ததைச் சொன்னார். பெரியவர் சிரித்தாராம். "கணக்கு தப்பினதுக்கு ஒண்ணுமில்லப்பா. ஆனா ராகு காலம் பூரா உக்காந்துட்டு ஒரு நல்ல வார்த்த இல்லாம எழுந்து வந்துட்டமேன்னு எங்க வூட்டுப் பொம்பளைங்க பயப்படறாங்க. உங்க அண்ணன் ஒரு வார்த்த எழுதட்டும், அத வெச்சி நான் அவங்களுக்குச் சொல்லிப் பாக்கறேன்" என்றாராம். உடனே கேம்புக்குக் கடுதாசி போட்டோம்.

எங்கள் கடுதாசி போய்ச் சேர்வதற்குள் மூத்தாரின் கடுதாசி இங்கே வந்துவிட்டது. 'வெயில் வருவதற்கு முன்பே வரிசையில் நின்று போன் போட்டேன். யாரோ ஒரு பொம்பளை எடுத்து, யாரும் வரவில்லை என்றாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வராமல் நம்மை அவமானப்படுத்திவிட்டார்கள். இனி அந்த வாசலை மிதிக்காதீர்கள். என் ரூமில் இருக்கும் கண்டமங்கலத்துக்காரரின் தம்பிக்கு ஜோதியைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.'

"யாரு பொம்பள?" என்றார் மாமியார்.

"மண்டியில அப்ப யாரு இருந்தது? கிராஸ் டாக்கா இருக்கும்மா. எந்த ஊர் பொம்பள எடுத்துச்சோ" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் போன் இப்படி ஊர் மாறி ஒலிப்பது சகஜம். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வாக்கு வாக்குதான். தை மாதம் ஜோதி கண்டமங்கலம் போனாள். அவள் கணவர் கெட்டவர் இல்லை. தினமும் புதுச்சேரிக்கு மில் வேலைக்குப் போய் வருவார். படிக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "படிச்சி யாருக்குப் பாடம் எடுக்கப் போற, எருமைக்கா?" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வீட்டில் ஒரு எருமை இருந்தது. அதற்கும் அவள் எதுவும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கு வரை யார் எந்த மணியைச் சொன்னாலும் ஒருவர் "நம்ம மணியா, நம்ம மணியா?" என்று கேட்காமல் விடுவதில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'இந்திய நேரப்படி' என்று அச்சடிப்போம். ஜோதியின் மகள் கல்யாணத்துக்கு அச்சகத்துக்காரர், "மாப்ள வெள்ளக்காரருங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஊர் ஊராக வருகிற கணக்குகளைச் சேர்த்து வைக்கிற வேலையாம். அவள் ஒருநாள் சொன்னாள், "அத்தை, எங்க ஆபீஸ்லயும் இதே ரோதனதான். எந்த ஊர் மணின்னு சொல்லாம வெறும் மணிய எழுதி வெச்சா, கம்ப்யூட்டர் தானா ஒரு ஊர நெனச்சுக்கும். எழுதனவன் வேற ஊர நெனச்சிருப்பான். ஏற்கெனவே கூட்டினத மறுபடியும் கூட்டிடும்."

"அப்ப நீங்க என்னா பண்ணுவீங்க?"

"உலகத்துக்கே பொதுவா ஒரு மணி இருக்கு. எல்லாத்தையும் அதுலதான் எழுதி வெப்போம். பாக்கறவங்களுக்கு மட்டும் அவங்கவங்க ஊர் மணிய மாத்திக் காட்டுவோம். ஊர் பேர் இல்லாம யாராச்சும் மணி எழுதினா ஆபீஸ்ல அதுக்கு இப்ப 'நம்ம மணி'ன்னே பேரு. உங்க கதைய எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

எனக்கு முகம் தெரியாத எத்தனை பேர் சிரித்தார்களோ! "அப்ப கம்ப்யூட்டரும் என்ன மாரிதானா?" என்று கேட்டேன்.

"உங்கள மாரிதான். ஆனா அதுக்கு வெக்கம் கெடையாது அத்தை. என்னா நெனச்சுக்கினேன்னு கேட்டா சொல்லிடும்."

குழந்தை விளையாட்டாகச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. எல்லாரும் சிரிப்பது ஒன்றரை மணிக் கணக்குக்கு. அந்த ஒன்பது மணிக்குப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான் என்பது யாருக்கும் தெரியாது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூத்தார் சில வருஷம் கழித்து மஸ்கட் வேண்டாம் என்று ஊரோடு வந்துவிட்டார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. வழக்கமெல்லாம் அப்போது கொஞ்சம் தளர்ந்திருந்தது. உள்ளே பார்த்து, "தம்பி இருக்கானா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

பேப்பர் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்காமலே, "யாரும் வரலியா?" என்று கேட்டார்.

அன்றைக்குப் போனில் கேட்ட அதே கேள்வி. அப்போதாவது பேசியிருக்கலாம். "இல்லீங்க" என்றுதான் வந்தது.

"செரி" என்றார். பேப்பரைப் புரட்டினார். சாகும் வரை அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

ஜோதியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேர் கையிலும் செல்போன் வந்த பிறகுதான். ஒருநாள் அவள் கூப்பிட்டாள். நான் எடுத்து வழக்கம்போலப் பேசாமல் இருந்தேன். "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டாள், மூத்தார் குரலிலேயே. நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். "சொல்லுங்க அண்ணி, வந்துட்டாங்களா?" என்றாள் மறுபடியும்.

இப்போது எப்போது போன் செய்தாலும் அவள் அப்படித்தான் ஆரம்பிக்கிறாள். பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. நான் "இல்லீங்க" என்கிறேன். அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டீங்களா அண்ணி என்று கேட்பாள்.